சாண் இறங்கிய கரை

அந்தத் தெருவில் லாரி வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போக வேண்டியதில்லை. சமையலறைக் குடத்தை எட்டிப் பார்த்தால் போதும். நீரில் வளையம் விழுந்தால் லாரி தெருமுனையில் இருக்கிறது. தளும்பினால் வாசலுக்கே வந்துவிட்டது. மண்வாகு அப்படி. மேலே நடக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். கீழேயோ, மட்காத வேரும் இலையும் பாசியும் பல ஆயிரம் வருஷமாக நீரில் ஊறி, கறுப்புப் பஞ்சாக அடுக்கடுக்காகக் கிடந்தன. படித்தவர்கள் அதைப் பீட் என்றார்கள். தெருக்காரர்களுக்கு அது கருஞ்சேறு. நனைந்து கிடக்கும் வரை அதற்கு அழிவில்லை. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் மட்கத் தொடங்கும். மட்கியது காற்றோடு போய்விடும், தரை இறங்கும். வீடுகள் மட்டும் இறங்கா. கருஞ்சேற்றுக்கு அடியில் இருக்கும் களிமண் வரை இறக்கிய தூண்களின் மேல் அவை நின்றன. அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை வாசற்படி எட்டாமல் போகும். கீழே இன்னொரு படி கட்டிக்கொண்டு, "நம்ம வீடு வளருது, நாமதான் வளரல" என்று சிரித்துக்கொள்வார்கள்.

தெருவின் நடுவீட்டில் இருந்த தையல்காரம்மாவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று ஊருக்குச் சட்டை தைப்பது. மற்றது, மாதம் தவறாமல் சதுப்புக்குள் நடந்து போய், அங்கே நட்டிருந்த இரும்புக் குழாய்க்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதி அனுப்புவது. கணக்கு எளியது. குழாய் களிமண்ணில் நிற்கிறது, அசையாது. மண் இறங்கும். நட்ட அன்று குழாயின் தலை தரையோடு தரையாக இருந்தது. இன்று எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு மண் போய்விட்டது என்று பொருள்.

இந்த வேலை அவளிடம் வந்ததற்குக் காரணம் அவள் கழுத்தில் கிடந்த டேப்தான். அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. மண் டாக்டரம்மா என்று பிற்பாடு எல்லோரும் அழைத்த அந்த ஆராய்ச்சிக்காரியும் அப்போது சின்னப் பெண்தான். வேறு தேசத்திலிருந்து வந்தவள். முழங்கால் வரை சேறோடு தையல் கடை வாசலில் நின்று, மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஆள் தவறாமல் அளந்து தர முடியுமா என்று கேட்டாள்.

"மாசத்துக்கு ஒரு தடவைதானா? கல்யாண வீடு ஒண்ணு வந்துட்டா நான் ஒரே நாள்ல நாப்பது இடுப்பு அளக்கிறவ."

"இடுப்பு பெருக்கும். இது இறங்கும்" என்றாள் டாக்டரம்மா.

"அளவு அளவுதானே" என்று சொல்லி அவள் ஒப்புக்கொண்டாள்.

குழாயை இறக்க வந்தவர் ஆழ்குழாய்க் கிணறு போடும் ஆள். வாட்டசாட்டமானவர், வாயாடி. எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, குழாய் இனிமேல் போகமாட்டேன் என்று நிற்கும் வரை இறக்கச் சொன்னார்கள். சம்மட்டியால் அடித்து இறக்கினார். நெஞ்சளவு போனதும் குழாய் நின்றது. இன்னும் அடித்துப் பார்த்தார், அசையவில்லை. "இனி யானை வந்து உட்கார்ந்தாலும் இறங்காது" என்று சொல்லி, மிச்சத்தைத் தரையோடு அறுத்துத் தலைக்கு மூடி போட்டார். அந்த வாரமே சட்டைக்கு அளவு கொடுக்க அவள் கடைக்குப் போனார். அளவு கொடுக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை என்று தெரு இன்றைக்கும் சொல்லும். சரியாகச் சொன்னால், அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் நடந்தது.

சதுப்பின் நடுவே நேராக ஓடிய பெரிய வாய்க்கால்தான் இரண்டு தேசங்களுக்கும் எல்லை. இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. பேச்சு ஒன்று, கொடி இரண்டு. அக்கரையிலும் அதே வருஷம் ஒரு குழாய் இறக்கினார்கள். அதை அளந்தவள் தபால்காரி. கடிதம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அளந்து எழுதிக்கொள்வாள். எல்லையில் சண்டை சச்சரவு வந்து பாலம் மூடிக் கிடந்த காலத்திலும் இந்தப் பெண்கள் இருவரும் வாய்க்காலுக்கு இப்பாலும் அப்பாலும் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். ஒருத்தியை ஒருத்தி சம்பந்தி என்று அழைத்தார்கள். பெண் கொடுத்து எடுத்தது கிடையாது. "ரெண்டு தேசமும் சம்பந்திச் சண்டை போடுது, நாம சம்பந்தி இல்லாம வேற யாரு?" என்பாள் தபால்காரி.

வருஷங்கள் போகப் போக, அக்கரைக் குழாய் வெளியே தெரிந்துகொண்டே வந்தது. முழம் தாண்டி இரண்டு முழத்துக்கு வந்தது. அளக்கும்போது தபால்காரி தன் பையை அதன் தலையில் மாட்டிவைப்பாள். இக்கரைக் குழாய் ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது.

அந்தச் சாணை வைத்து இக்கரை அதிகாரிகள் பெரிய கோட்டையே கட்டினார்கள். அக்கரைக்காரன் மண்ணைப் பாழாக்கிவிட்டான், நம் மண் கெட்டி, நாம் வாய்க்காலை அடைக்க வேண்டியதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். திட்ட அலுவலகத்தில் கண்ணாடி சார் என்று ஒருவர் இருந்தார். கெட்டவர் அல்லர், பேச்சில் பிரியம் கொண்டவர். "அவங்க முழம், நாம சாண். சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை!" என்பார். தையல்காரம்மாவும் கூடவே சிரித்திருக்கிறாள். வீட்டுப் படி மட்டும் ஏன் சாணுக்கு மேல் எட்டாமல் போகிறது என்று ஒருமுறை கணவரிடம் கேட்டாள். "கூரைத் தண்ணி விழுந்து அரிக்குது. குழாய் வெட்டவெளியில நிக்குது. அது எப்படி ஒண்ணாகும்?" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. தெரு முழுதும் தன் படியை நம்பாமல் அந்தக் குழாயை நம்பியது.

பிறகு காலம் மாறியது. தொடர்ந்து இரண்டு கோடையில் சதுப்பு அடியிலேயே தீப்பிடித்துக் கனன்றது. புகைக்கு எல்லை தெரியாது. குழந்தைகள் இரு கரையிலும் இருமின. பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்களும் அதிகாரிகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, சதுப்பை எல்லா இடத்திலும் ஒரே முறையில் அளப்பது, ஒரே வரைபடத்தில் போடுவது, பிறகு வாய்க்காலை அடைத்து நீரைத் திரும்ப நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். முதல் ஒப்பந்தம் இந்த இரு கரைகளுக்கும். இது சரியாக நடந்தால் மற்ற தேசங்களும் இதைப் பார்த்துச் செய்யும் என்றார்கள். ஒவ்வொரு கரைக்கும் ஒரு மதகு. மதகுப் பலகையின் உயரம் அந்தந்தக் கரையின் மண் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதைப் பார்த்து வைக்கப்படும். இக்கரையில் உயரக் கணக்கு எல்லாமே அந்த ஒரு குழாயின் தலையிலிருந்து எடுத்ததுதான். ஆகவே சாணைக் கழித்துவிட்டுப் பலகை போடத் தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்து நாளும் குறித்தாயிற்று. இக்கரை முழுவதும் புதிதாக இறக்கப் போகும் குழாய்களின் வேலை தையல்காரம்மாவின் கணவருக்கு. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. தங்கையின் கணவரையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

குழுவின் புது விதிகளில் ஒன்று, கையெழுத்துக்கு முன் ஒரு கரையின் குழாயை மறு கரையின் ஆள் சோதிக்க வேண்டும் என்பது. வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தபால்காரி நீளமான கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பாலம் கடந்து வந்தாள்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி, தோள்ல கம்பியோட வர்றே?"

"மாப்பிள்ளை காலைச் சரியா ஊனியிருக்காரான்னு பார்க்கத்தான்" என்றாள் தபால்காரி.

குழாயிலிருந்து ஒரு எட்டு தள்ளிக் கம்பியை ஊன்றினாள். கம்பி நெஞ்சளவு போனது. அதற்கு மேலும் போனது. இரண்டு ஆள் ஆழம் போய்த்தான் களிமண்ணில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபக்கம் குத்தினாள், அங்கும் அப்படியே. குழாயை ஒட்டிக் குத்தினாள். நெஞ்சளவில் டொக்கென்று நின்றது. கம்பியின் முனையில் மண்ணைக் கவ்வி எடுக்கும் சிறு குவளை உண்டு. அதைத் திருகி மேலே இழுத்தாள். குவளையில் களிமண் இல்லை. சிவப்பாக, ஈரமாக, நார் நாராக மரச் சிராய் இருந்தது.

கருஞ்சேற்றுக்குள் எந்தக் காலத்திலோ விழுந்த மரங்கள் அழுகாமல் கிடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். வாய்க்கால் வெட்டுகிறவர்கள் எத்தனையோ எடுத்திருக்கிறார்கள். குழாய் ஒரு மரத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. வாய்க்கால்கள் மரத்துக்கும் கீழே வெகு ஆழம் வெட்டியவை. மரத்துக்கு அடியில் இருந்த கருஞ்சேறு வற்றி இறங்க, மரமும் இறங்கியது. மரத்தோடு குழாயும் இறங்கியது. மரத்துக்கு மேலே இருந்த கொஞ்சம் மண் சுருங்கியதுதான் அந்தச் சாண். மீதி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

தையல்காரம்மா சிராயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். அவள் நினைப்பு முதலில் போனது குழாய்க்கு அல்ல, தெருவின் தாழ்ந்த கோடிக்கு. அங்கேதான் நாத்தனார் வீடு. சாண் கணக்கில் பலகை போட்டு மதகை மூடினால் அந்தக் கோடியில் நீர் எவ்வளவு நிற்கும்? வீடு தூண்மேல் நிற்கும்தான். கோழிக்கூடும் கழிப்பறையும் கிணறும் தெருவும் தூண்மேல் நிற்கவில்லையே.

"நான் போய் எழுதிக் கொடுத்தா, அக்கரைக்காரி காட்டிக்கொடுத்துட்டான்னு ஆகும்" என்றாள் தபால்காரி. "கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லியாகணும் சம்பந்தி. அங்க புள்ளைங்க இருக்கு."

"சொல்றேன். முதல்ல வீட்டுல சொல்லணும்."

"அதுதான் கஷ்டம்" என்றாள் தபால்காரி.

கணவர் வாசலில் உட்கார்ந்து புதுக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைக்க மரை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் சிராயை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னது, அடுப்புக்கா?"

"உங்க குழாய்க்கு அடியில இருந்து வந்தது."

அவர் சிரித்தார். "எவ சொன்னா? அக்கரைக்காரியா? அவ குழாய் இடுப்பளவு நிக்குதுன்னு வயித்தெரிச்சல். ஏம்மா, இத்தனை வருஷமா அளந்தவ நீ. நீ எழுதினதை நீயே நம்பலையா?"

"நான் அளந்தது சரிங்க. அது நின்ன இடம் சரியில்ல."

"நின்ன இடம்னா? நான் இறக்கின இடம்." சிரிப்பு போய்விட்டது. "ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன்னு சொல்றியா?"

"உங்களைக் குத்தம் சொல்லல. நிக்கிற வரைக்கும் இறக்குன்னாங்க, நின்னுச்சு. அங்க யார் இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

"ஊர் அப்படிச் சொல்லாது. குழாய்க்காரனுக்குக் களிமண்ணுக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியலைன்னு சொல்லும். அதுக்கப்புறம் எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

"மதகை மூடினா உங்க தங்கச்சி வீட்டு வாசல்ல தண்ணி நிக்கும்."

அவர் மரை வெட்டும் கருவியை எடுத்தார், வைத்தார். அன்று முழுக்க அப்படித்தான் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் மேலே வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் போனால் மனசு இறங்கும், கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டாள். ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவள் வீட்டிலிருந்த மனிதரின் வெட்கத்தை அளக்கத் தவறிவிட்டாள்.

மறுநாள் மதியம், தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வரப் பக்கத்து ஊருக்குப் போனாள். திரும்பும்போது பேருந்திலிருந்து இறங்கிச் சதுப்பு வழியாகக் குறுக்கே நடந்தாள். குழாய் அதே சாண் உயரத்தில் நின்றது. ஆனால் சுற்றிலும் பாசி கிழிந்திருந்தது. மிதித்த சேறு இன்னும் மூடிக்கொள்ளவில்லை. இரண்டு எட்டு தள்ளி, புல்லைப் பிடுங்கிப் போட்டு மறைத்த ஓர் இடம் தெரிந்தது, முன்பு குழாய் நின்ற இடம். குனிந்து மூடியைப் பார்த்தாள். பழைய மூடிதான். அதற்குக் கீழே இருந்தது புதுக் குழாய், துரு தேய்த்துப் பழசாக்கியிருந்தது.

வீட்டுக் கொல்லையில் பழைய குழாய் கோணியில் சுற்றிக் கிடந்தது. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்ப களிமண்ணுல நிக்குது" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. "தரைக்கு மேல அதே சாண் விட்டிருக்கேன். இனி அளந்தா எல்லாம் சரியா வரும். யாருக்கு நஷ்டம்?"

"ஐயோ, என்னங்க பண்ணிட்டீங்க!"

"தப்புன்னு சொன்னே. திருத்திட்டேன்."

"அது அப்படியே நின்னிருந்தா எவ்வளவு இறங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கலாம். இப்ப அதுவும் போச்சு. எந்த இடத்துல நின்னுச்சு, என்ன உயரத்துல நின்னுச்சு, ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் நடந்தது தவறு. இப்ப நீங்க செஞ்சது திருட்டு மாதிரி தெரியும்."

திருட்டு என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகு அவளாலும் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் ஈரக் காலோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

கூட்டம் பாலத்துக்கு அருகே சுங்க அலுவலக மாடியில் நடந்தது. நீள மேசை, இரண்டு கொடி, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. ஒரு பக்கம் இக்கரை அதிகாரிகள், எதிர்ப்பக்கம் அக்கரை அதிகாரிகள். கோடியில் மண் டாக்டரம்மா. தலை நரைத்து, அந்தப் பல தேசக் குழுவுக்குத் தலைவியாக வந்திருந்தாள். அளவுக்காரப் பெண்கள் இருவருக்கும் சுவரோரமாக நாற்காலி. கண்ணாடி சார் வழக்கமான சாண் பிள்ளை வேடிக்கையைச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

தையல்காரம்மா எழுந்தாள். "சார், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

"டீயா அம்மா? வந்துகிட்டிருக்கு."

"டீ இல்ல சார். எங்க குழாய் களிமண்ணுல நிக்கல. அடியில கிடந்த மரத்து மேல நின்னுச்சு. மரம் மண்ணோட சேர்ந்து இறங்கியிருக்கு. சாண்னு நான் எழுதினது எதுவும் கணக்குல சேராது. அதை நம்பிப் பலகை போட்டா எங்க தெருவுல கீழ்க்கோடி வீடுகளுக்குள்ள தண்ணி வரும்."

அக்கரை அதிகாரி ஒருவர் முன்னால் சாய்ந்தார். "நின்னுச்சுன்னு சொல்றீங்க. இப்ப எங்க நிக்குது?"

"இப்ப களிமண்ணுல."

"யார் மாத்தினது?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். குழாய் இருக்கும் இடம் திறந்த வெளி. யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம். தபால்காரி தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் தையல்காரம்மா.

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தாட்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒப்பந்தம் பேச வந்தார்கள் என்றது ஒரு பக்கம். எங்களுக்கே இப்போதுதான் தெரியும் என்றது மறுபக்கம். இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கண்ணாடி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது தபால்காரி எழுந்து, தன் அதிகாரிகளைப் பார்த்தே சொன்னாள்: "மரச்சிராயை எடுத்தது நான். சம்பந்தி சொல்லட்டும்னு சும்மா இருந்தேன். திட்டறதா இருந்தா என்னையும் சேர்த்துத் திட்டுங்க. ஆனா ஏமாத்தினாங்கன்னு சொல்லாதீங்க. ஏமாந்தாங்க."

மண் டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பழைய குழாய் என்ன ஆச்சு? வெட்டிட்டாரா?"

"முழுசாத்தான் கிடக்கு."

"அப்ப வழி இருக்கு. அந்த மரத்தைக் கண்டுபிடிச்சு அதே குழாயை அது மேலயே நிறுத்தினா, பழைய உயரம் வந்துடும். குழாய் வச்ச வருஷம், இறங்காத பாலத்துத் தூண்ல இருந்து அதோட தலை எவ்வளவு உயரம்னு மட்டம் பிடிச்சிருக்கோம். அந்தக் கணக்கு அக்கரை அலுவலகத்துல இருக்கு. இப்ப அதே தலைக்குத் திரும்பப் பிடிச்சா வித்தியாசம் தெரியும். தோண்டி மிதிச்ச தரையை வச்சு அளந்தா ஏமாத்தும். ஆனா இடம் அச்சா தெரியணும். ஒரு கை தள்ளிப் போனா வேற மரம் சிக்கும். அவர் வந்து காட்டணும்."

கையெழுத்து தள்ளிப்போனது. பொது வரைபடத்தில் இக்கரையை நிறமில்லாமல் வெறுமையாக விட்டார்கள். மதகு திறந்தே கிடந்தது. வரப்போகும் கோடைக்கும் சதுப்பு வற்றும் என்று பொருள். புதுக் குழாய் வேலை அக்கரையில் ஒரு குழாய்க்காரருக்குப் போயிற்று.

நாத்தனார் அன்று சாயங்காலமே வந்தாள். புதிதாகக் கட்டிய கீழ்ப்படியில் நின்றுகொண்டாள், மேலே ஏறவில்லை.

"நல்லா இருக்கு அண்ணி. கட்டின புருஷனைச் சபையில நிறுத்தி அடிச்சுட்டீங்க."

"உன் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும்னுதான்..."

"வராத தண்ணிக்கு, இருந்த மானத்தை வித்துட்டீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் வேலை போச்சு. தண்ணி வந்திருந்தா இறைச்சிருப்போம் அண்ணி. இதை எதை வச்சு இறைக்கிறது?"

உள்ளே கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

கம்பிகளோடு ஆட்கள் வந்தார்கள். இரு கரையிலிருந்தும் வந்தார்கள். புல் மூடிய அந்த இடத்தைத் தையல்காரம்மா காட்டினாள். பாசி அதற்குள் தழைத்து மூடிவிட்டது; சேற்றில் குழி தங்குமா? கயிறு கட்டிக் கட்டம் போட்டுக் குத்தினார்கள். இரண்டு இடத்தில் மரம் சிக்கியது. இரண்டும் வேறு வேறு ஆழம். எது என்று யார் சொல்வது? அன்று காலையும் கிளம்பும்போது அவள் கணவரிடம் கேட்டாள்.

"வாங்களேன். யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க."

"சொல்லாம பார்ப்பாங்க" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் ஏறியபோது கம்பி பிடித்திருந்த ஒருவர் நிமிர்ந்து தெருப் பக்கம் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பழைய குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். வெளியூர் வேலைக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டை, அவள் தைத்ததுதான். சேற்றில் வேட்டியைக்கூட மடித்துக் கட்டவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், கட்டம் போட்ட கயிறுகளைத் தாண்டி, அவர்கள் குத்திய இரண்டு இடங்களையும் விட்டு விலகி, ஓரிடத்தில் நின்று குதிகாலை ஊன்றினார்.

"இங்க."

அக்கரைக் குழாய்க்காரர் கம்பியை இறக்கினார். தையல்காரம்மாவின் கணவருக்கு வந்திருந்த வேலையை எடுத்துக்கொண்ட அதே ஆள். நெஞ்சளவில் டொக்கென்று நின்றது. முனையில் சிவப்புச் சிராய். பழைய குழாயை மெல்ல இறக்கினார்கள். மரத்தில் அது முன்பு பதித்திருந்த வட்டத் தடத்தில் வாய் பொருந்தி உட்கார்ந்தது. கையில் தெரிந்தது என்றார் அக்கரைக்காரர். "சரியா உட்காந்துடுச்சுண்ணே" என்று தையல்காரம்மாவின் கணவரிடமே சொன்னார். அவர் தலையை மட்டும் அசைத்தார். மட்டம் பார்க்கும் கருவியைப் பாலத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டுவிட்டார். அவள் கூப்பிடவில்லை.

கணக்கு வர மாலையாயிற்று. தபால்காரியும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்கள். இக்கரை மண் இரண்டு முழத்துக்கு நான்கு விரல் குறைய இறங்கியிருந்தது. அக்கரையும் இக்கரையும் ஏறக்குறைய ஒன்று. சாண் கணக்கில் மதகை மூடியிருந்தால் கீழ்க்கோடியில் நீர் முழங்காலுக்கு மேல் நின்றிருக்கும்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார். கறை போகவில்லை. கருஞ்சேற்றுக் கறை போகாது.

"எவ்வளவு? தங்கச்சி வீட்டுல தண்ணி எதுவரைக்கும் நின்னிருக்கும்?" என்றார்.

சொன்னாள்.

"அவ்வளவா?" தன் தொடையில் கை வைத்து, முழங்காலிலிருந்து மேலே விரல்களால் அளந்து பார்த்தார். "தங்கச்சிக்கு நானே போய்ச் சொல்லிட்டு வரேன். நான் சொன்னா கேப்பா."

போனார். அவள் அடுப்பைப் பற்றவைத்து, தட்டு இரண்டைக் கழுவிக் கவிழ்த்தாள். உலை கொதிக்குமுன் அவர் திரும்பி வந்துவிட்டார். படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"கதவைத் திறக்கல" என்றார். "உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுது. நான் கூப்பிட்டதும் நின்னுடுச்சு."

அவள் தட்டை நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தன் பக்கம் இழுத்தார், மறுபடி தள்ளி வைத்தார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார் கடைசியில். "சரியா இருந்து என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியலங்க" என்றாள்.